பதினேழு வட்டங்கள்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் குற்றம் கண்டுபிடிப்பதற்காக எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். செலக்‌ஷன் பிரிவு. ஆட்டுத் தோலை மேசையில் விரித்துக் கையால் ஒரு தடவு தடவிப் பார்ப்பேன். எங்கே உண்ணி கடித்திருக்கிறது, எங்கே முள் கீறியிருக்கிறது, உரித்தவன் கத்தி எங்கே தவறியிருக்கிறது என்று விரலுக்கே தெரியும். ஒவ்வொன்றையும் வெள்ளி நிற மைப் பேனாவால் வட்டம் போட்டு, மூலையில் ஏ முதல் எஃப் வரை ஒரு கிரேடு எழுதி, இனிஷியல் வைத்து அடுத்த தோலுக்குப் போய்விடுவேன். கட்டிங் பிரிவில் அந்த வட்டங்களை ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் துண்டு போடுவார்கள். நல்ல இடத்தை நான் கண்டுகொள்வதே இல்லை. அதற்கு எனக்குச் சம்பளம் கிடையாது.

இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. ஏ கிரேடு எழுதிய தோல்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். முள்வேலியையே பார்க்காமல் ஒரு ஆடு வளர்ந்தால்தான் உண்டு.

“தட்டுல சாம்பார ஊத்துனாக்கூட அதுல வட்டம் போடற ஆளு இவரு” என்று என் மனைவி மோகனா வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். உப்பு கம்மி என்பதை உப்பு கம்மி என்றுதானே சொல்ல முடியும்?

கட்டிங் பிரிவில் இருப்பவன் தபரேஸ். நான் வட்டம் ஜாஸ்தி போட்டால் அவனுக்கு வெட்ட இடம் கம்மி, கம்மியாகப் போட்டால் வெட்டின துண்டு பாஸ் ஆகாமல் அவன் தலையிலேயே வந்து விழும். ஆக எப்படிப் போட்டாலும் சண்டைதான். பதினோரு வருஷமாகச் சண்டை போட்டுப் போட்டே சிநேகிதம் ஆகிவிட்டோம். என்னை அவன் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தோஸ்த் என்பான். அம்பது வயதை நெருங்கும் மனிதனை அப்படிக் கூப்பிட இந்த ஊரில் வேறு யாரும் இல்லை. இருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன்.

அவன்தான் என்னைப் பலகை ஆட்டத்துக்கு இழுத்தது. பலகை ஆட்டம் என்றால் பரமபதம், கேரம் இல்லை. செங்கல் கனத்துக்குப் பெட்டி, உள்ளே மரக் கட்டைகள், சீட்டுகள், ஒரு மணி நேரம் படித்தாலும் பாதிதான் விளங்கும் விதிப் புத்தகம். தபரேஸ் அதற்கு அடிமை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் வீட்டு மாடியில் நாலு பேர் கூடுவோம். நான், அவன், அவன் மனைவி ஹுமேரா, விரிஞ்சிபுரத்திலிருந்து ஜெயப்பிரகாஷ் சார். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஆறு நாள் வேலைக்காக ஆம்பூர் பஸ் ஏறுகிறவன் ஏழாம் நாளும் ஏறினால் வீட்டில் என்ன சொல்வார்கள்? “ரேஷன் கார்டயும் அங்கியே மாத்திக்கோ” என்றாள் மோகனா.

ஆடிய ஆட்டத்துக்கெல்லாம் ஒரு நோட்டில் கிரேடு எழுதி வைத்தேன். யாரும் கேட்கவில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

முதலில் கேட்டன். ஒரு தீவு, செம்மறி, கோதுமை, செங்கல், மரம் என்று சீட்டுகளை மாற்றிக்கொண்டு ஊர் கட்ட வேண்டும். பகடையில் எட்டு அடிக்கடி விழும் என்று விதிப் புத்தகம் சொன்னதை நம்பி எட்டில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் எட்டு விழவே இல்லை. அன்றைக்கு ஜெயப்பிரகாஷ் சார் வராததால் தபரேஸின் அப்பா சத்தார் பாய் உட்கார்ந்தார். அந்தக் காலத்தில் பச்சைத் தோல் வியாபாரம் செய்தவர். சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதே மாதிரி தோள்துண்டை மேசையில் போட்டு மகனிடம் செங்கல் கேட்டார். துண்டுக்குள் என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன், துண்டுக்குத் தடை இல்லை. அவர்தான் ஜெயித்தார். கிரேடு சி. பகடைக்காக ஒரு கிரேடும் துண்டுக்காக ஒரு கிரேடும் குறைத்தேன்.

பேண்டமிக். எல்லோரும் ஒரே கட்சி, உலகம் முழுக்க நோய் பரவாமல் தடுக்க வேண்டும். வரைபடத்தில் சென்னை இருக்கிறது, வேலூர் இல்லை. ஜெயித்தாலும் தோற்றாலும் எல்லோரும் சேர்ந்துதான் என்று பெட்டியில் போட்டிருக்கிறான். நடந்தது வேறு. யார் சத்தமாகப் பேசுகிறார்களோ அவர்கள் எல்லோருடைய கையையும் சேர்த்து ஆடினார்கள். அன்றைக்கு ஹுமேரா. எங்கள் கம்பெனி புரொடக்‌ஷன் மீட்டிங்குக்கும் இதற்கும் வித்தியாசம், இங்கே டீ நன்றாக இருந்தது. கிரேடு பி மைனஸ்.

அசுல். பளபளவென்று ஓடுகள், மிட்டாய் மாதிரி வாயில் போட்டுக்கொள்ளலாம் போல. சுவரில் கோலமாக அடுக்க வேண்டும். பார்க்கத்தான் சாது. அடுத்தவருக்கு வேண்டாத ஓடுகளாக மிச்சம் வைத்து, அவர் எடுத்து உடைக்கும்படி செய்வதுதான் உண்மையான ஆட்டம். சிரித்த முகத்தோடு புருஷனுக்கு ஆறு ஓடு உடைய வைத்தாள் ஹுமேரா. ஜெயப்பிரகாஷ் சார் தன் முறை வந்ததும் கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டார். அவர் ஓடு எடுப்பதற்குள் அவர் ஊர்க் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம். கிரேடு பி. அவருக்குத் தனியாக எஃப்.

பேட்ச்வொர்க். இரண்டே பேர் ஆடுவது. கோணல்மாணலான துணித் துண்டுகளை எடுத்து ஒரு சதுரத்தில் இடைவெளி இல்லாமல் பொருத்த வேண்டும். தபரேஸிடம் தொடர்ந்து பத்தொன்பது முறை தோற்றேன். கட்டிங்காரனிடம் துண்டு பொருத்தும் ஆட்டம் ஆடுவது மீனிடம் நீச்சல் பந்தயம் கட்டுவதுதான். கிரேடு பி பிளஸ். என் நோட்டிலேயே அதுதான் அதிகம். ஏ கொடுக்கலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். ஒரு துண்டில் அச்சு அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்ததைப் பார்த்துவிட்டு நோட்டை மூடினேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு, மற்றவர்கள் கீழே போன பிறகு, தபரேஸ் பீரோவிலிருந்து ஒரு சுருளை எடுத்தான். பழைய லுங்கித் துணியில் சுற்றியிருந்தது. உள்ளே ஒரு முழு ஆட்டுத் தோல். சாயமோ பாலிஷோ ஏறாதது, தேன் நிறம். அதன் மேல் முதுகெலும்புக்கு இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு என்று பன்னிரண்டு சிவப்புப் புள்ளிகள். கூடவே ஒரு பை நிறைய ஷூவின் முன்பக்கம், பக்கவாட்டு, நாக்கு என்று கறுப்புத் தோலில் வெட்டின துண்டுகள். ஓரங்கள் ஒவ்வொன்றையும் தேய்த்து வழவழவென்று ஆக்கியிருந்தான்.

“நானே பண்ணது தோஸ்த். பேரு சம்டா, எங்க பாஷைல தோலு. ரெண்டு பேரு மாத்தி மாத்தி துண்டு வெக்கணும். செகப்புப் புள்ளி மேல வெக்கக் கூடாது. முன்பக்கத்த முதுகுல வெச்சா பாயிண்ட் ஜாஸ்தி, வயித்துல வெச்சா கம்மி. யாருக்கு வெக்க எடம் இல்லியோ அவன் அவுட்டு.”

பெங்களூரில் இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டங்களை அச்சிட்டு விற்கும் ஒரு கம்பெனிக்காரர் புது ஆட்களைப் பார்க்கிறாராம். ஆளுக்கு இருபது நிமிஷம். தபரேஸுக்கு ஒரு இடம் கிடைத்திருந்தது.

“ஒரு வருஷமா இதான் வேல. ஹுமேரா நல்லாக்குதுன்னுதான் சொல்லுவா, பொண்டாட்டி. நீ அப்டி சொல்ல மாட்ட. எடுத்தும் போய் ஆடிப் பாரு. உன் நோட்ல இன்னா கிரேடு வருதோ அதான். தேறாதுன்னா நான் பெங்களூரே போவல.”

அவன் சிரிக்காமல் சொன்னான். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைப்பானேன். வாங்கிக்கொண்டு வந்தேன்.

வந்து, பத்து நாள் அதைத் தொடவில்லை. ஏற்றுமதி அவசரம், நடுவில் வந்த ஞாயிறும் வேலை என்று ஒரு காரணம். எழுதப் போகும் கிரேடு என்னவாக இருக்குமோ என்ற பயம் இன்னொரு காரணம். பதினோராம் நாள் புதன்கிழமை, எனக்கு லீவு. மோகனா தங்கையோடு சோளிங்கர் மலைக்குப் போயிருந்தாள். கூட ஆட ஆள் இல்லை. விதிகளையாவது படிப்போம் என்று ஜன்னல் பக்கத்து மேசையில் தோலை விரித்தேன். காலை வெளிச்சம் சாய்வாக விழுந்தது. செலக்‌ஷனுக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது.

அப்போது கம்பெனியிலிருந்து போன். ஒரு லாட் முழுக்கத் திரும்பி வந்துவிட்டது, யார் பாஸ் பண்ணினது என்று மேனேஜர் குதித்தார். நான் இல்லை என்பதை நாலு விதமாக விளக்க அரை மணி நேரம் ஆனது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியிருந்தேன். வேலைப் பேனா எப்போதும் போலச் சட்டைப் பையில் இருந்தது. கை சும்மா இருந்தது. சும்மா இருந்தது என்றுதான் நினைத்தேன்.

போனை வைத்துவிட்டுக் குனிந்தால் தோல் முழுக்க வெள்ளி வட்டங்கள். பதினேழு. உண்ணிக் கடி ஒன்பது, முள் கீறல் ஐந்து, கத்தி வெட்டு இரண்டு, கழுத்தோரம் அம்மைத் தழும்பு ஒன்று. எல்லாமே சரியாகப் போட்டிருந்தேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. வலது மூலையில் ‘டி’ என்று எழுதி, பக்கத்தில் இனிஷியல் வைத்து, தேதியும் போட்டிருந்தேன்.

பாலிஷ் ஏறின தோலாக இருந்தால் துடைத்தால் போய்விடும். இது மையை அப்படியே உறிஞ்சும் தோல். ரப்பர் போட்டேன். பெட்ரோல் நனைத்த துணியால் தேய்த்தேன். ஒரு வட்டம் ஈயம் பூசின மாதிரி அகலமாகப் பரவியது. அதோடு நிறுத்திக்கொண்டேன். சாயங்காலம் மோகனா வந்து பார்த்தாள். பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டே வட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

“எதையாச்சும் சொல்லி மழுப்பாத. நேரா போய்க் குடு” என்றாள்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் கட்டிங் பிரிவுக்குப் போனேன். மெஷின்களை நிறுத்தியிருந்தார்கள். தபரேஸ் கையைத் துடைத்துக்கொண்டு லுங்கித் துணியைப் பிரித்தான். என்னென்னவோ ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். அவன் கண் நேராக மூலைக்குத்தான் போனது.

“டி-யா?” என்றான்.

“அது ஆட்டத்துக்கு இல்லப்பா. தோலுக்கு. போன் பேசிக்கினே இருந்தேன், கை பாட்டுக்குப் போட்டுடுச்சு. பழக்க தோஷம்.”

“சரி. ஆட்டத்துக்கு இன்னா கிரேடு?”

நான் பக்கத்து மெஷினைப் பார்த்தேன்.

“ஆடுனியா?”

“இல்ல.”

தோலை அவன் கசக்காமல் மெதுவாகச் சுருட்டினான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். கம்பெனியில் ஒரு தோலுக்கு ஒரு வட்டம் ஜாஸ்தி போட்டதற்கே ஊரைக் கூட்டுகிறவன். “சரிங்க சார். பரவால்ல சார்” என்றான். பிறகு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

சார். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

வெள்ளிக்கிழமை ஹுமேரா போன் செய்தாள். “செந்தில்ணா, இவரு டிக்கெட்ட கேன்சல் பண்றேன்றாரு. தோல பீரோ மேல தூக்கிப் போட்டுட்டாரு. ஒரு வார்த்த பேச மாட்டேன்றாரு, பேஜாரா இருக்குது. நீங்க வாங்க.”

சனிக்கிழமை வேலை முடிந்ததும் போனேன். மாடியில் தபரேஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தான். “வாங்க சார்” என்றான். கண்ணை எடுக்கவில்லை. நான் ஹுமேராவிடம் தோலை எடுக்கச் சொன்னேன். ஆடித்தான் ஆகவேண்டும், அவன் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும்.

“எத விட்டுட்டு வெக்கணும்ணா? செகப்பையா, வெள்ளியையா?” என்று ஹுமேரா கேட்டாள்.

“செகப்பு. அவன் பண்ண ஆட்டத்தத்தான் ஆடணும்.”

மூன்று ஆட்டம் ஆடினோம். முதல் ஆட்டம் நன்றாகவே இருந்தது. துண்டுகள் கையில் உட்கார்ந்த விதம், தோல் மேல் தோல் படியும் சத்தம், எல்லாமே பிரமாதம். இரண்டாவதில் நான் எங்கே வைத்தேனோ அதற்கு நேர் எதிரே, முதுகெலும்புக்கு அந்தப் பக்கம், ஹுமேராவும் வைத்தாள். மூன்றாவதில் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி புள்ளி, ஒரே மாதிரி இடம். இரண்டாவதாக வைப்பவருக்கு எதிரே எப்போதும் ஓர் இடம் இருந்தது. முதலில் வைத்தவர் தோற்றார். மறுபடி ஆடினாலும் தோற்பார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லாமல் ‘நல்லா இருக்கு, போய் வா’ என்று எழுந்து வந்திருக்கலாம். அவன் தோஸ்த் என்று கூப்பிட்டிருப்பானோ என்னவோ. ஆனால் அவன் என்னிடம் கொடுத்தது அதற்காக இல்லையே.

“சி” என்றேன், ஜன்னல் பக்கம் பார்த்து. “துண்டெல்லாம் ஏ. என் நோட்ல மொத ஏ. ஆட்டம் சி. ரெண்டு பக்கமும் அளந்து வெச்சாப்ல புள்ளி வெச்சிருக்க. எந்த ஆட்டயாவது உண்ணி ரெண்டு பக்கமும் எண்ணிக் கடிக்குமா? நீ கட்டிங்காரன், உனக்குத் தெரியாதா?”

ஹுமேரா தலையைக் குனிந்துகொண்டாள். தபரேஸ் மொபைலைக் கவிழ்த்து வைத்தான். அவன் முகம் சிவந்திருந்தது.

“செலக்‌ஷன்காரருக்கு வட்டம் போடத்தான் தெரியும் சார். அதுல வெட்டிப் பாத்தாதான் எங்க கஷ்டம் தெரியும்.”

“நீதான் வெட்டிக் காட்டேன். என் பதினேழுல.”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். இவன் ஆடத் தெரிந்தவன். கூடம் கோணலாக இருக்கட்டும், பார்க்கிறேன் என்று வந்து உட்கார்ந்தான். முன்பக்கத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்தான். முதுகில் என் மூன்று வட்டங்கள் வழிமறித்தன. துண்டைச் சாய்த்தான், திருப்பினான், இரண்டு உண்ணிக் கடிக்கு நடுவில் நூல் இடைவெளியில் நுழைத்தான். நான் ஒரு நாக்கை வைத்து அவன் அடுத்த வழியை அடைத்தேன். கழுத்துப் பக்கம் யாருக்கும் வேண்டாத இடம் திடீரென்று தங்கமானது. நாற்பது நிமிஷம் ஆடினோம். ஹுமேரா கொண்டுவந்த டீ ஆடை கட்டிப்போனது. கடைசி நாக்கை, பெட்ரோலில் பரவியிருந்த அந்த அசிங்கமான வட்டத்தின் ஓரம் உரச வைத்து, தபரேஸ் ஜெயித்தான்.

தோலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். “பெயிண்டடிச்ச புள்ளி வேஸ்ட்டு” என்றான், தனக்குத்தானே. நான் செருப்பு மாட்டும்போது, “நாளைக்குக் காலைல ட்ரெயினு சார்” என்றான். அவ்வளவுதான்.

ஞாயிறு முழுக்க போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் செய்தி வந்தது ஹுமேராவிடமிருந்துதான். எடுத்துக்கொள்ளவில்லையாம். ஆனால் இருபது நிமிஷத்துக்குப் பதில் ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்களாம். ‘இந்த வெள்ளி வட்டம் யார் போட்டது, எந்த விதிப்படி போட்டது’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். அதற்கு ஒரு விதி எழுதிக்கொண்டு அடுத்த வருஷம் வரச் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் தபரேஸ் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்கக் கம்பெனியில் வணக்கம் சார், சரிங்க சார்தான். ஒரு தோலுக்கு இருபத்தைந்து வட்டம் போட்டு அனுப்பிப் பார்த்தேன். சண்டைக்கே வரவில்லை.

அடுத்த ஞாயிறு போவதா வேண்டாமா என்று பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்ஸை விட்டேன். மூன்றாவதில் ஏறினேன். மாடியில் ஜெயப்பிரகாஷ் சார் முன்னாடியே வந்திருந்தார். மேசை மேல் ஒரு புதுத் தோல் விரிந்திருந்தது. சிவப்புப் புள்ளி இல்லை, ஒன்றுமே இல்லை. வெறும் தோல். அதன் மேல் ஒரு வெள்ளிப் பேனா.

“உக்காரு” என்றான் தபரேஸ். உக்காருங்க இல்லை. “ரூல் எழுதியாச்சு. ஒருத்தன் செலக்‌ஷன், ஒருத்தன் கட்டிங். செலக்‌ஷன் மொதல்ல வட்டம் போடணும். குத்தம் இருக்கற எடத்துலதான் போடணும். ஏழே வட்டம்.”

“ஏழா? இதுல இருபதுக்கு மேல இருக்கும்ப்பா.”

“இருக்கட்டும். ஏழு போடு. மிச்சத்த உட்டுடணும்.”

நான் தோலைத் தடவினேன். விரல் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனது. இருபத்து மூன்று. பேனாவைத் திறந்தேன். எல்லாவற்றையும் போடத்தான் இந்தக் கைக்குத் தெரியும். பதினாறை விட வேண்டும். அது எந்தப் பதினாறு? இருபத்திரண்டு வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஜெயப்பிரகாஷ் சார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கன்னத்தில் கையை ஊன்றியிருந்தேன்.

“இன்னா தோஸ்த்” என்றான் தபரேஸ். “எவ்ளோ நேரம்? உன் டர்ன்தான்.”